போக வலது கால், வர இடது கால்

அரசாங்கப் பதிவேட்டின்படி, இந்த ஊரிலேயே என் கால்களைப் போலச் சீரழிந்த கால்கள் வேறு எவருக்கும் கிடையாது. பதினைந்து மாதத்தில் அறுபத்தொரு முறை அவற்றைப் பாத நல மையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். உண்மையில் என் பாதங்களுக்கு ஒரு குறையும் இல்லை. முப்பத்தொரு வருடம் ஓடும் பேருந்தில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்த பாதங்கள் அவை. கெட்டுப்போனது இடுப்பு. அதனால்தான் எழுபத்துமூன்று வயதில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு திரிகிறேன். ஆனால் வண்டிக்காரர்களுக்கு என் இடுப்பு வேண்டியிருக்கவில்லை, கால்தான் வேண்டியிருந்தது. கேட்டதைக் கொடுத்தேன்.

வண்டி என்றால் பெரிய வெள்ளை வேன். இரண்டு பக்கமும் 'முதியோர், மாற்றுத்திறனாளிகள் சமூகப் பயண உதவி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். ஒன்பது இருக்கை. பின்னால் சக்கர நாற்காலியை அப்படியே தூக்கி உள்ளே வைக்கும் இரும்புப் பலகை. அரசாங்கம் கொடுத்த நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம் அதில் ஏறுவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவத்தில்தான் இருந்தது.

படிவத்தில் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஐந்து கட்டம்: மருத்துவமனை, மருந்துக்கடை, அரசு அலுவலகம், பாத நல மையம், மற்றவை. பாதத்துக்கு மட்டும் ஏன் தனிக் கட்டம் என்று கேட்கிறீர்களா? அதே துறைதான் அந்த மையத்தையும் அந்த வருடம் திறந்திருந்தது. திறந்ததிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் படிவம் வாங்குகிற அலுவலருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிச்சமுகம். 'முடியாது' என்று சொல்லும்போதும் முகத்தில் சிரிப்பு மாறாது. வயதானவர்கள் எல்லோருக்கும் காது கேட்காது என்பது அவர் முடிவு. ஆகையால் கத்தித்தான் பேசுவார்.

"எங்கம்மா போகணும்?"

"என் தங்கச்சியப் பாக்கப் போகணும்."

"தங்கச்சி டாக்டரா?"

"இல்ல சார். பராமரிப்பு இல்லத்துல படுத்திருக்கா. பக்கவாதம்."

"அப்ப வைத்தியம் அவங்களுக்குத்தானே? உங்களுக்கு இல்லையே."

"எனக்கு வைத்தியம் வேணாம். அவளப் பாக்கணும்."

"பாக்குறது நோக்கத்துல வராதும்மா!" என்றார், சிரித்துக்கொண்டே. "மற்றவைல டிக் போடுங்க. குழுவுக்குப் போகும்."

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். கூடியது. எனக்குக் கடிதம் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. நன்றி.' முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மூன்று வயது சின்னவள். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் காட்சி என்று எதுவும் அமையவில்லை. ஒரே வீட்டில் ஒரே சமையலறையில் நாற்பது வருடம் சண்டை போட்டோம். எவ்வளவு கோபம் வந்தாலும் அவள் வாயில் 'அக்கா' தவறாது. "அக்கா, உங்களுக்கு மூளையே இல்லக்கா" என்பாள். அவ்வளவு மரியாதை.

எங்கள் சண்டைகளுக்கெல்லாம் தாய்ச்சண்டை ஒன்று உண்டு. அவள் முதல் சம்பளத்தில் ஒரு நீலக் குடை வாங்கினாள். மழை நாளில் ஒருமுறை நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அன்றோடு குடை போயிற்று. நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன், நீதான் தபால் நிலையத்தில் எங்கோ வைத்துவிட்டாய் என்றேன். இல்லை என்றாள். ஆமாம் என்றேன். நாற்பது வருடமாக நான் சொன்ன சொல் மாறவில்லை.

பக்கவாதம் வந்து அவளுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போனது. எல்லாச் சொல்லும் போய் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. எந்தச் சொல் மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். 'அக்கா' போய்விட்டது. மிஞ்சியது 'போடி'.

எழுபது வருடம் அக்கா அக்கா என்று அழைத்தவள் உள்ளே எதை அடக்கி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. "அந்த ஒரு வார்த்தைய விடாம பேச வைங்க. பேச ஆள் இல்லன்னா அதுவும் போயிடும்" என்றார் மருத்துவர். நான் பேச வைத்தேன். போகும்போதெல்லாம் குடைப் பேச்சை எடுப்பேன். "நீதானேடி தொலைச்ச?" என்பேன். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, "போடி!" என்பாள். அந்த ஒரு சொல்லில் கோபம், நக்கல், கெஞ்சல், 'தண்ணீர் கொடு' எல்லாம் அடங்கியிருக்கும். ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவேன்.

பராமரிப்பு இல்லத்துக்கும் பாத நல மையத்துக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். பிறகென்ன? பாதத்தில் டிக் போட்டேன். மறுநாளே அனுமதி வந்தது.

வண்டி ஓட்டுநருக்கு ஒரு விதி. பதிவு செய்த வாசலில் இறக்கிவிட்டு, நாங்கள் உள்ளே நுழைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பார்ப்பார். நான் மையத்தின் முன்வாசலில் நுழைவேன். டோக்கன் கொடுக்கும் பெண் தலையைத் தூக்காமல் கேட்பாள்: "காலா, பின்கதவா?" பின்கதவு என்பேன். டோக்கனைக் கிழித்துக் கொடுப்பாள். ஒரு நாளைக்கு முப்பது டோக்கன் போக வேண்டும், போகாவிட்டால் அவள் வேலைக்கு ஆபத்து. அவள் வயிற்றிலும் நாங்கள்தான் பால் வார்த்தோம். பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் முற்றம். அதைக் கடந்தால் பராமரிப்பு இல்லத்தின் சமையலறை வாசல்.

நான் மட்டும் இல்லை. அந்த வண்டியின் ஒன்பது இருக்கைக்கும் ஒவ்வொரு பின்கதவு இருந்தது. உச்சம் எங்கள் தையற்காரர். என் வீட்டுக்கு எதிர் வாசல். சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே வாங்கிக்கொண்டது. சக்கர நாற்காலியில், இடுப்பிலிருந்து கீழே கட்டம் போட்ட போர்வையைப் போர்த்திக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். மையத்துக்குப் பின்தெருவில் பொத்தான் கடை வைத்திருக்கும் நண்பரோடு சீட்டாடப் போவார். படிவத்தில் நோக்கம்: பாத நலம். நாற்பத்துமூன்று முறை போயிருக்கிறார்.

"உங்களுக்குக் கொஞ்சம்கூட பயமில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காலுக்கு என்ன குறைன்னுதானே கேட்டிருக்காங்க, கண்டக்டரம்மா? காலு இருக்கான்னு கேக்கலையே. கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். நான் பொய் பேச மாட்டேன்."

டிக் இருந்தது. டிக் இருந்தால் அலுவலகத்துக்குக் கால் இருந்த மாதிரிதான்.

இப்படி யாருக்கும் குந்தகமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை சிரிச்சமுகம் எங்களோடு வண்டியில் ஏறினார். கையில் ஒரு கோப்பு. வண்டி குலுங்க நின்றபடியே கத்தினார்.

"எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான சேதி! உங்க பயணத்தையெல்லாம் ஆய்வு பண்ணிட்டோம். பத்துல ஏழு பயணம் காலுக்காகத்தான்! இந்தப் பகுதியில பாத நோய் இவ்வளவு பரவியிருக்கும்னு மேலிடமே எதிர்பாக்கல."

தையற்காரர் போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"முடியாத காலோட நீங்க இவ்வளவு தூரம் அலையிறது எங்களுக்கு மனசு கேக்கல. அதனால இனிமே நீங்க எங்கயும் வர வேணாம். பாத நலம் உங்க வாசலுக்கே வரும்! இருக்கையெல்லாம் எடுத்துட்டு, உள்ளே சிகிச்சை நாற்காலி, வெந்நீர்த் தொட்டி, ஒரு நர்ஸ்."

"எந்த வண்டியில சார்?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"இந்த வண்டியிலதாம்மா!" என்று கூரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கூட்டாகச் செய்து முடித்திருந்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். முப்பத்தொரு வருடம் என் கையில் ஓடிய தடம். முதல் படி என் முழங்கால் உயரத்தில் இருந்தது. நான் வேலை பார்த்தபோது அது அவ்வளவு உயரம் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒரு கை வாக்கரில், ஒரு கை கம்பியில். கண்டக்டர் பெண் எட்டிப் பார்த்து, "அடுத்த பஸ்ஸுல வாங்க பெரியம்மா, அது காலியா வரும்" என்று சொல்லி விசில் கொடுத்தாள். அந்த அடுத்த பஸ்ஸை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பெரியவர்களை நானே அதில் வரச் சொல்லியிருக்கிறேன். அது ஒருநாளும் காலியாக வந்ததில்லை.

வாடகை வண்டிகள் வாக்கரைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டின. மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின. தொலைபேசியில் கூப்பிட்டால் இல்லத்து நர்ஸ் அவள் காதில் வைப்பாள். நான் குடையைப் பற்றிக் கத்துவேன். பதில் வராது. மூன்றாம் வாரம் நர்ஸ் சொன்னாள்: "முகத்தச் செவுத்துப் பக்கமே திருப்பி வச்சிருக்காங்கம்மா. இப்பல்லாம் அந்த வார்த்தையக்கூட சொல்றதில்ல."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். அதையும் நானும் என் பொய்க்காலும் சேர்ந்து பறித்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் வாரம் நடமாடும் பாத நல வண்டியின் தொடக்க விழா. துறை அலுவலக முற்றத்தில் பந்தல், சிவப்பு நாடா, மேடை. இயக்குநர் அம்மையார் வந்திருந்தார். அதிகமுறை கால் காட்டியவள் என்பதால் சிறந்த பயனாளி நான்தான். நான் நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். சிரிச்சமுகம் அதை எழுதியே கொடுத்திருந்தார்: 'என் கால்களைக் காத்த அரசுக்கு நன்றி.'

நாடா வெட்டினார்கள். கேமராக்காரர், யாருக்காவது சிகிச்சை நடக்கிற மாதிரி ஒரு படம் கேட்டார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் எடுப்பாக உட்கார்ந்திருந்த தையற்காரர் மேல் சிரிச்சமுகத்தின் கண் விழுந்தது. கூட்டத்தில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

"வாங்கய்யா, வாங்க!" சிரிச்சமுகமே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். நர்ஸ் வெந்நீர்த் தொட்டியைக் கீழே வைத்தாள். இயக்குநர் குனிந்து கருணையோடு பார்த்தார்.

"காலக் காட்டுங்கய்யா!"

"நீங்களே எடுத்துக்குங்க தம்பி" என்றார் தையற்காரர்.

சிரிச்சமுகம் மண்டியிட்டுப் போர்வையைத் தூக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம் தூக்கினார். பிறகு நாற்காலிக்கு அடியிலும் குனிந்து பார்த்தார், எங்கேயாவது விழுந்திருக்குமோ என்பதுபோல். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இவர் எத்தனை முறை வந்திருக்கார்?" என்று இயக்குநர் கேட்டார்.

சிரிச்சமுகம் கோப்பைப் பார்த்தார். "நாப்பத்திமூணு" என்று மெல்லச் சொன்னார். மெல்லப் பேசவும் அவருக்குத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டோம்.

நான் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன். எழுதிக் கொடுத்த தாளை வாக்கரின் கைப்பிடியில் செருகினேன்.

"அம்மா, என் காலு நல்லா இருக்கு. அறுபத்தொரு தடவையும் பொய்தான். ஓட்டுநருக்குத் தெரியாம நாங்க பண்ண பொய். நான் போனது என் தங்கச்சியோட சண்டை போட. அவரு போனது சீட்டாட. அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இல்ல. பெருசா ஒண்ணும் வேணாம். 'மனுஷங்களப் பாக்க'ன்னு ஒரு சின்னக் கட்டம் போடுங்க. டிக் போட்டுட்டுப் போயிக்கிறோம். இருக்கையத் திருப்பி வையுங்க. நாலு வாரமா என் தங்கச்சி யாரையும் திட்டல."

கூட்டத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இயக்குநர் என் கையைப் பிடித்து, "ரொம்ப பயனுள்ள கருத்து" என்றார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த வயதிலும் எனக்குப் புத்தி வரவில்லை, பாருங்கள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. இந்தத் தடவை தெளிவாகவே எழுதியிருந்தார்கள். பயண நோக்கம் குறித்துத் தவறான தகவல் அளித்ததற்காக எனக்கும் தையற்காரருக்கும் பயண வண்டியில் ஏற ஓராண்டுத் தடை. பயண வண்டியோ இல்லை. இல்லாத வண்டியில் ஏறக் கூடாது என்று இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும். தையற்காரருக்குக் கூடுதலாக ஒரு வரி: பாதங்கள் இல்லாத காரணத்தால் பாத நலத் திட்டத்திலிருந்தும் அவர் பெயர் நீக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டத்தில், ஊனம் அதிகம் என்று ஒருவரை நீக்கிய பெருமை எங்கள் ஊருக்குத்தான்.

ஆனால் என் பெயரைப் பாதத் திட்டத்திலிருந்து எடுக்க அவர்களுக்கு வழியில்லை. எனக்குத்தான் பாதம் இருக்கிறதே.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி என் வாசலில் வந்து நின்றது. அதே ஓட்டுநர். உள்ளே விழாவில் தொட்டி வைத்த அந்த நர்ஸ், விதி தவறாதவள். இரும்புப் பலகை என்னை வாக்கரோடு தூக்கி உள்ளே வைத்தது. சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்ததும் சுவரில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் படித்தேன். அட்டவணை படிப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு அடுத்த இடம், பத்து நாற்பதுக்கு, என் தங்கையின் பராமரிப்பு இல்லம். நாங்கள் கைவிட்ட பிறகு வண்டிக்கு நோயாளி கிடைக்கவில்லை. நாற்பது படுக்கை, எண்பது பாதம் என்று சிரிச்சமுகம் அங்கே வலை வீசியிருந்தார்.

எனக்குள் பழைய கண்டக்டர் விழித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா, கால் எவ்வளவு நேரம் ஊறணும்?"

"முழுசா இருபது நிமிஷம். ஊறும்போது பாதியில எடுக்கக் கூடாது. விதி."

"விதின்னா விதிதான். தண்ணி கொஞ்சம் சூடா இருக்கே." அவள் ஆற்றினாள். "இப்ப ஆறிப்போச்சு." அவள் சுடவைத்தாள். படிவத்தில் என் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். பத்து பதினெட்டுக்கு என் வலது காலைத் தொட்டியில் வைத்தேன்.

ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நாப்பதுக்கு அங்க நிக்கணும். இப்பவே எடுத்தாத்தான் ஆகும். தாமதமானா எனக்குக் குறிப்பாணை வரும்."

"இவங்க காலு தண்ணியில இருக்கு. எடுக்க முடியாது" என்றாள் நர்ஸ்.

"அப்ப அவங்களக் கீழ இறக்க முடியாது."

"முடியாது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பயணி இல்லை. எனக்குப் பயணத் தடை இருக்கிறது. சிகிச்சையில் இருக்கும் நோயாளி நான். சிகிச்சை நடக்கும்போது வண்டி ஓடக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. எவனுக்கும் அது தோன்றியிருக்காது.

"நோயாளிக்கு ஒரு துணையாள் உண்டுன்னு போட்டிருக்கே" என்று அட்டவணையின் அடியைக் காட்டினேன். "என் துணையாள் எதிர்வாசல்ல ரெடியா இருக்காரு."

தையற்காரர் போர்வையோடு வந்து பலகையில் ஏறினார். "கண்டக்டரம்மா தடுமாறினா நான்தான் பிடிச்சுக்குவேன்" என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் விதிப்படி அவர் பெயரை எழுதிக்கொண்டாள்.

"ஒரு கால்தானே ஆச்சு?" என்றாள்.

"இடது காலு மூணு மணிக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல ஒண்ணா ஊறவச்சா எனக்குத் தலை சுத்தும்."

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம், என் வாய் தானாக "போலாம் ரைட்!" என்றது.

இல்லத்து வாசலில் இறங்கினேன். பின்கதவு இல்லை, முற்றம் இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக, ஒரு கால் ஈரமாக, உள்ளே போனேன்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோள் எலும்பு முன்னைவிடத் துருத்திக்கொண்டிருந்தது. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய் அவள் முகத்துக்கு நேராக வாக்கரை நிறுத்தினேன். கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டிப் பார்த்தது.

"வந்துட்டேன். வண்டி இல்லடி, அதான்."

ஒன்றும் இல்லை.

"குடைய நீதானே தொலைச்ச?"

அதற்கும் ஒன்றும் இல்லை. கண் இமைகூட அசையவில்லை. இல்லத்து நர்ஸ் தொலைபேசியில் சொன்னபோது முழுதாக நம்பாத மனம் அப்போது நம்பியது. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினைந்து மாதம் அரசாங்கத்திடம் சொன்ன பொய்யை மேடையேறி ஒப்புக்கொண்டேன். அதற்கு முத்திரை போட்டுத் தடை விதித்தார்கள். நாற்பது வருடம் இவளிடம் சொன்ன பொய் அப்படியே இருந்தது.

"நான்தான்டி தொலைச்சேன்" என்றேன். "டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கம்பியில மாட்டியிருந்தேன். வேலை முடிஞ்சு எறங்கும்போது மறந்துட்டேன். மறுநாள் போய்ப் பாத்தா இல்ல. ஊரார் விட்டுட்டுப் போறதையெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கிற கண்டக்டர், தங்கச்சி குடையத் தொலைச்சுட்டான்னு சிரிப்பாங்களேன்னு சொல்லல. அப்புறம் சொல்ல முடியாமலே போச்சு. நான்தான்."

அவள் கண் மெல்லத் திரும்பி என் முகத்துக்கு வந்தது. கீழே இறங்கி என் ஈரக் காலைப் பார்த்தது. மறுபடி முகத்துக்கு ஏறியது. உதடு கோணியது. தொண்டையில் ஏதோ முண்டியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"போ" என்றாள். மூச்சு வாங்கினாள். "போடி!"

அறை முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டிலில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. நாற்பது வருட வட்டியையும் சேர்த்துத் திட்டினாள், அந்த ஒரே சொல்லால். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதுகொண்டு, "சொல்லுடி, இன்னும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. இடது காலுக்கு நேரமாகியிருந்தது.